பேப்பர் போடும் முன்: வேலையில் இருந்துகொண்டே தொழில் யோசனை தேடுவது எப்படி?

சொந்தமாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் வந்தவுடன் பெரும்பாலானவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன தொழில் செய்யலாம்?" அடுத்த கேள்வி, "எப்போது பேப்பர் போட்டு வேலையை விடலாம்?" இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் பல மாதங்களுக்கான வேலை இருக்கிறது. முதன்முறையாக இந்தப் பக்கம் யோசிக்கிறவர்களுக்காக அந்த நடுப்பகுதியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யோசனை தேடுவதற்காக வேலையை விடாதீர்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும்வரை ஒரு யோசனையைப் பார்த்து "இது சரிவராது" என்று ஒதுக்கிவைக்க முடியும். சேமிப்பு கரைய ஆரம்பித்துவிட்டால் கையில் கிடைத்த முதல் யோசனையே நல்ல யோசனையாகத் தெரியும். 2014-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் தொழில் தொடங்கியவர்களைப் பல ஆண்டுத் தரவுகளை வைத்து ஆராய்ந்தார்கள். வேலையில் இருந்துகொண்டே தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்களின் தொழில் மூடப்படும் அபாயம், நேராக வேலையை விட்டுவிட்டு இறங்கியவர்களைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதே நாட்டின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கின்படி புதிய தொழில்களில் ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மூடப்படுகிறது. ஏறக்குறைய பாதி, ஐந்து ஆண்டுகளுக்குள். அபாயம் இவ்வளவு இருக்கும் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவது சின்ன விஷயம் இல்லை.

முதல் படி: எதிலிருந்து விலக நினைக்கிறீர்கள்?

ஒரு தாளில் வேலையைப் பற்றிய உங்கள் குறைகளையெல்லாம் எழுதுங்கள். மேனேஜர் சரியில்லை, தூரம் அதிகம், சம்பள உயர்வு இல்லை என்பதுதான் பட்டியல் என்றால் உங்களுக்குத் தேவை வேறு வேலை, தொழில் அல்ல. இரண்டும் வேறு வேறு மருந்துகள். "இந்த வேலையை நான் வேறு விதமாகச் செய்வேன்", "இந்த வாடிக்கையாளர்களுக்குச் சரியாகச் செய்து கொடுக்க இங்கே விடமாட்டேன் என்கிறார்கள்" என்ற வகைக் குறைகள் இருந்தால் மேலே படியுங்கள். அந்தத் தாளிலேயே ஒரு யோசனைக்கான விதை கிடக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாம் படி: நியமனக் கடிதத்தை எடுத்துப் படியுங்கள்

சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்டதோடு சரி, அதற்கப்புறம் யாரும் அதைத் திறப்பதில்லை. இப்போது திறங்கள். மூன்று விஷயங்களைத் தேடுங்கள். பணியில் இருக்கும்போது வேறு வருமானம் தேடத் தடை இருக்கிறதா? பணிக்காலத்தில் நீங்கள் உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கிறதா? விலகிய பிறகு அவர்களுடைய வாடிக்கையாளர்களையோ ஊழியர்களையோ அணுகக் கூடாது என்று இருக்கிறதா?

இது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். பிராட்ஸ் பொம்மைகளைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; மேட்டல் நிறுவனத்தின் பார்பிக்குப் போட்டியாக வேறொரு நிறுவனம் வெளியிட்டவை. அவற்றை வரைந்த வடிவமைப்பாளர் முன்பு மேட்டல் நிறுவனத்தில் வேலை செய்தவர். அந்த ஓவியங்கள் யாருக்குச் சொந்தம் என்று 2004-இல் வழக்கு தொடங்கியது. 2008-இல் மேட்டலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டில் அது ரத்தாகி, மறு விசாரணையில் 2011-இல் எதிராக வந்தது. சண்டை முழுவதும் ஒரு வேலை ஒப்பந்தத்தின் வாசகங்களைச் சுற்றித்தான் நடந்தது.

வாசகம் புரியாவிட்டால் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். எந்த நாட்டுச் சட்டம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் சில விஷயங்களில் கறாராக இருங்கள். அலுவலக லேப்டாப்பில், அலுவலக மின்னஞ்சலில், அலுவலக நேரத்தில் உங்கள் தொழில் சம்பந்தமாக எதையும் செய்யாதீர்கள். வாடிக்கையாளர் பட்டியல், விலைப் பட்டியல் போன்ற உள்தகவல்களைத் தொடாதீர்கள். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். சம்பளம் தருகிறவருக்கு முழு உழைப்பையும் கொடுத்துவிட்டு விலகுகிறவரைப் பற்றித்தான் நாளைக்கு நாலு பேர் நல்லபடியாகப் பேசுவார்கள். புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு ஆரம்பத்தில் இருக்கும் ஒரே சொத்து அந்தப் பேச்சுதான்.

மூன்றாம் படி: தொல்லைகளைச் சேகரியுங்கள்

இதுதான் முக்கியமான படி. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

யோசனை என்பது உட்கார்ந்து யோசித்தால் வருவது என்று நாம் நினைக்கிறோம். "சிறந்த தொழில் வாய்ப்புகள்" என்ற பட்டியல்களைத் தேடிப் படிக்கிறோம். அந்தப் பட்டியல்களை எல்லோரும்தான் படிக்கிறார்கள். உங்களுக்கு மட்டும் தெரிந்த விஷயங்கள், நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் இருக்கும் இடத்தில்தான் இருக்கின்றன. அமர் பிடே என்ற பேராசிரியர் 1989-இல், அமெரிக்காவில் வேகமாக வளர்ந்த 500 தனியார் நிறுவனங்களின் பட்டியல் ஒன்றிலிருந்து 100 நிறுவனங்களைத் தொடங்கியவர்களைச் சந்தித்துக் கேட்டார். அவர்களில் 71 சதவீதம் பேர், முந்தைய வேலையில் பார்த்த ஒரு யோசனையை அப்படியேயோ சற்று மாற்றியோ எடுத்துக்கொண்டு வந்தவர்கள்.

பெட் நெஸ்மித் கிரகாமின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1950-களில் டல்லஸ் நகரில் ஒரு வங்கியில் செயலாளராக இருந்தவர். புதிதாக வந்த மின்தட்டச்சு இயந்திரங்களில் அடித்த பிழையை அழிப்பது பெரும்பாடாக இருந்தது. ஓவியர்கள் பிழையை அழிப்பதில்லை, மேலே வண்ணம் பூசிவிடுகிறார்கள் என்பதைக் கவனித்தார். ஒரு சின்னக் குப்பியில் வெள்ளை வண்ணத்தைக் கலந்து எடுத்துப்போய், பிழை விழுந்த இடத்தில் தூரிகையால் பூசினார். பக்கத்தில் இருந்த செயலாளர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். அவர்கள் கேட்டதுதான் திருப்பம். அவருக்கு வாடிக்கையாளர் கிடைத்தது அங்கேதான். லிக்விட் பேப்பர் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம் 1979-இல் 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு ஜில்லெட்டுக்கு விற்கப்பட்டது. அந்தப் பயணத்தின் நடுவில், வேலை பார்த்த இடத்துக் கடிதம் ஒன்றில் தவறுதலாகத் தன் சொந்த நிறுவனத்தின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டதால் அவர் வேலையை இழந்ததாகச் சொல்வார்கள். இரண்டாம் படியில் சொன்ன கறார் ஏன் தேவை என்பதற்கும் இதுவே உதாரணம்.

சரி, எப்படிச் சேகரிப்பது? ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும், அல்லது உங்கள் சொந்த போனில் ஒரு பக்கம். ஒவ்வொரு நாளும் கண்ணில் பட்ட ஒரு தொல்லையை எழுதுங்கள். தீர்வை எழுத வேண்டாம், தொல்லையை மட்டும். யாருக்கு, எப்போது, இப்போது எப்படிச் சமாளிக்கிறார், அதில் அவருக்கு எவ்வளவு நேரமோ பணமோ போகிறது, இவ்வளவுதான். "கணக்குப் பிரிவில் உள்ளவர்கள் மாதக் கடைசியில் மூன்று எக்செல் கோப்புகளைக் கையால் ஒப்பிடுகிறார்கள், இரண்டு நாள் போகிறது" என்பது நல்ல குறிப்பு. "கணக்குக்கு ஒரு ஆப் செய்யலாம்" என்பது பயனில்லாத குறிப்பு, ஏனென்றால் அதில் மனிதர் இல்லை.

எங்கே பார்ப்பது என்று தெரியாவிட்டால் இந்த இடங்களில் ஆரம்பியுங்கள். ஒரே ஆளுக்கு மட்டும் தெரிந்த வேலைகள்: அவர் விடுமுறையில் போனால் எல்லாமே நின்றுவிடும். வாடிக்கையாளர் கேட்டு, "அதெல்லாம் நாங்கள் செய்வதில்லை" என்று உங்கள் நிறுவனம் திருப்பி அனுப்பும் வேலைகள். இவை தங்கம், ஏனென்றால் பணம் கொடுக்கத் தயாராக ஒருவர் ஏற்கெனவே வாசலில் வந்து நின்றுவிட்டார். வெளியாட்களுக்குக் கொடுத்துவிட்டு எல்லோரும் புலம்பிக்கொண்டே இருக்கும் வேலைகள். தரம் குறைந்தாலும் வேறு வழியில்லாமல் அதே ஆளிடம் திரும்பத் திரும்ப வாங்கும் பொருட்கள். புதிய சட்டமோ விதிமுறையோ வந்ததால் திடீரென்று முளைத்த படிவங்கள். அப்புறம், சக ஊழியர்கள் உங்களிடம் மட்டும் வந்து கேட்கும் உதவிகள். "இதை நீ பார்த்துக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும்" என்று எதற்காகச் சொல்கிறார்கள்? உங்களுக்குச் சுலபமாக இருப்பதாலேயே அதற்கு மதிப்பு இருப்பது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஓரிரு மாதங்கள் எழுதுங்கள். முதல் வாரக் குறிப்புகள் பெரும்பாலும் மேலோட்டமாகத்தான் இருக்கும். கண் பழகியபிறகு வருபவைதான் நல்லவை. ஒரே தொல்லை வேறு வேறு மனிதர்களிடம் திரும்பத் திரும்ப வந்தால் அதன் பக்கத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

நான்காம் படி: சலித்தெடுங்கள்

நிறையக் குறிப்புகள் சேர்ந்த பிறகு, ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இதைத் தீர்க்க இப்போது யாராவது பணம் செலவழிக்கிறார்களா? பணமாக இல்லாவிட்டாலும் ஓர் ஆளின் நேரமாவது போக வேண்டும். எதுவுமே போகவில்லை என்றால் அது தொல்லைதான், ஆனால் பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லை. சிபி இன்சைட்ஸ் என்ற ஆய்வு நிறுவனம் மூடப்பட்ட 101 ஸ்டார்ட்அப்களின் தோல்விக் காரணங்களைத் தொகுத்தபோது, 42 சதவீதம் பேர் "சந்தையில் தேவை இல்லை" என்பதைக் காரணமாகக் குறிப்பிட்டிருந்தார்கள். யாருக்கும் தேவைப்படாத ஒன்றை நன்றாகச் செய்து முடித்தவர்கள் அவர்கள். படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அடுத்து, அந்த மனிதர்களை உங்களால் நேரில் போய்ச் சந்திக்க முடியுமா? பத்துப் பேரின் பெயரை இப்போதே எழுத முடிந்தால் நல்லது. அந்தத் தொல்லை வருடத்துக்கு ஒருமுறை வருகிறதா, வாரம்தோறும் வருகிறதா? மாலை நேரத்திலும் விடுமுறை நாளிலும் சின்ன அளவில் தொடங்க முடியுமா? வாடிக்கையாளர் பகலில்தான் கூப்பிடுவார் என்றால் வேலையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முடியாது. கடைசியாக, அந்த வகை மனிதர்களோடு பல வருடம் பேசிப் பழக உங்களுக்கு விருப்பம் உண்டா? இந்தக் கேள்வியை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். தொழிலில் நீங்கள் பொருளோடு செலவிடும் நேரத்தைவிட மனிதர்களோடு செலவிடும் நேரம் அதிகம்.

"இதை ஏற்கெனவே யாரோ செய்கிறார்களே" என்று எந்தக் குறிப்பையும் அடித்துவிடாதீர்கள். போட்டி இருக்கிறது என்றால் பணம் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று பொருள். 1998-இல் கூகுள் தொடங்கியபோது இணையத்தில் தேட யாகூவும் அல்டாவிஸ்டாவும் ஏற்கெனவே இருந்தன. "எனக்கு வயதாகிவிட்டது" என்றும் அடித்துவிடாதீர்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் உள்ளிட்ட குழு அமெரிக்க அரசுத் தரவுகளை வைத்துச் செய்த ஆய்வில், மிக வேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது, தொடங்கியபோது 45. அதே துறையில் முன் அனுபவம் இருந்தவர்களுக்கு வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது.

இரண்டு அல்லது மூன்று குறிப்புகள் மிஞ்சினால் போதும்.

ஐந்தாம் படி: பேசுங்கள், ஆனால் யோசனையைச் சொல்லாதீர்கள்

யோசனையை யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்தில் இதைச் சொல்லவில்லை. யோசனையைச் சொன்னால் எதிரே இருப்பவர் மரியாதைக்காக "நல்லா இருக்கே, செய்யுங்க" என்பார். சொந்தக்காரர்களும் நண்பர்களும் இன்னும் மோசம்; ஒன்று புகழ்வார்கள், அல்லது பயமுறுத்துவார்கள். இரண்டாலும் உங்களுக்குத் தகவல் எதுவும் கிடைக்காது.

நடந்ததைக் கேளுங்கள். "இப்படி ஒன்று இருந்தால் வாங்குவீர்களா?" என்பதற்குப் பதிலாக இப்படி:

"போன தடவை இந்த வேலை வந்தப்போ எப்படி முடிச்சீங்க?"

"அதுல எந்த இடத்துல ரொம்ப நேரம் போச்சு?"

"இதுக்கு முன்னாடி வேற ஏதாவது முயற்சி பண்ணிப் பார்த்தீங்களா? ஏன் விட்டுட்டீங்க?"

"இதுக்குன்னு யாருக்காவது பணம் கொடுத்திருக்கீங்களா?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் பேசட்டும். அவர் பயன்படுத்தும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் விளம்பரத்தில் எழுத வேண்டியவை அந்தச் சொற்கள்தான். போன தடவை எப்படி முடித்தோம் என்று அவருக்கு ஞாபகமே இல்லை என்றால் அது அவருக்குப் பெரிய தொல்லை இல்லை. முகம் மாறி, குரல் உயர்ந்து, பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டு "இவர்கிட்ட சொல்லுங்க" என்றால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். பத்துப் பதினைந்து பேரிடம் பேசியபிறகு அடுத்தவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரிய ஆரம்பிக்கும். அப்போது நிறுத்தலாம்.

உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களிடம் போக வேண்டாம். அதே துறையில் அதே மாதிரி வேலை பார்க்கும் வேறு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள்.

ஆறாம் படி: சின்னதாகச் செய்து காட்டிப் பணம் வாங்குங்கள்

பாராட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒருவர் தன் பையிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுப்பதுதான் பதில். அதற்கு இயந்திரமோ, கடையோ, முழுமையான மென்பொருளோ வேண்டியதில்லை. 1999-இல் நிக் ஸ்வின்மர்ன் இணையத்தில் காலணி விற்கலாம் என்று நினைத்தபோது சரக்கு வாங்கிக் குவிக்கவில்லை. கடைகளில் இருந்த காலணிகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். யாராவது ஆர்டர் கொடுத்தால் கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கி அனுப்பினார். அதில் லாபம் இல்லை. போட்டுப் பார்க்காமல் காலணியை இணையத்தில் வாங்குவார்களா என்ற ஒரு கேள்விக்கு அவருக்கு விடை தேவைப்பட்டது, அது கிடைத்தது. அதுதான் பிறகு ஜாப்போஸ் என்ற இணையக் காலணிக் கடை ஆனது.

நீங்களும் அப்படித்தான். மென்பொருள் எழுத நினைத்தால், முதலில் அந்த வேலையைக் கையாலேயே இரண்டு பேருக்குச் செய்து கொடுங்கள். பயிற்சி வகுப்பு என்றால் ஒரு விடுமுறை நாளில் ஐந்து பேருக்கு நடத்துங்கள். பொருள் என்றால் பத்து மட்டும் செய்து, பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்கிப் பாருங்கள். இலவசமாக மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இலவசம் என்றால் எல்லோரும் வாங்கிக்கொள்வார்கள், அதிலிருந்து எதுவும் தெரியவராது.

இந்தக் கட்டத்தில் ஒரு கணக்குப் போட வேண்டும். உங்கள் வீட்டு மாதச் செலவை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்தால் செலவு போக 5 பங்கு மிஞ்சுகிறது என்றால், மாதம் 20 பேர் வேண்டும். ஒவ்வொருவருக்கும் 8 மணி நேரம் ஆனால் மொத்தம் 160 மணி நேரம். மாதத்தில் நீங்கள் உழைக்கக்கூடிய நேரம் அவ்வளவுதான்! புதிய ஆட்களைத் தேட, பில் போட, பாக்கி வசூலிக்க, வரிக் கணக்குப் பார்க்க நேரமே இல்லை. உடம்புக்கு முடியாத நாளுக்கும் இடமில்லை. அப்படியானால் விலையை ஏற்ற வேண்டும், அல்லது ஒரு வேலைக்கு ஆகும் நேரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது இந்த யோசனையை விட வேண்டும். யோசனை நன்றாக இருந்து, ஆட்களும் கிடைத்து, இந்தக் கணக்கு மட்டும் உதைத்ததால் களைத்துப்போய் நிறுத்துகிறவர்கள் உண்டு. முன்கூட்டியே ஒரு தாளில் போட்டுப் பார்த்தால் அந்தக் களைப்பைத் தவிர்த்துவிடலாம்.

ஏழாம் படி: எப்போது விலகுவது?

பியர் ஒமிட்யார் 1995 செப்டம்பரில், வேறு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் ஓர் ஏலத் தளத்தை எழுதினார். அதுதான் பிறகு ஈபே. தளத்தை நடத்தும் செலவு கூடியபோது விற்பவர்களிடம் சின்னக் கட்டணம் வாங்க ஆரம்பித்தார். வருமானம் சம்பளத்தைத் தாண்டியபிறகு, 1996-இல்தான் வேலையை விட்டார். நைக்கியின் முன்னோடி நிறுவனத்தை 1964-இல் தொடங்கிய ஃபில் நைட், கணக்காளராகவும் ஆசிரியராகவும் வேலை செய்துகொண்டே அதை நடத்தி, 1969-இல் முழுநேரமாக வந்தார். ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள், இன்னொருவருக்கு ஐந்து ஆண்டுகள். ஆகவே இத்தனை மாதத்தில் விலக வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் என்ன நடந்தால் விலகுவேன் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். மனம் நொந்த ஒரு நாளில் அந்த முடிவை எடுக்காமல் இருக்க அந்தத் தாள் உதவும்.

நான் பரிந்துரைப்பது இவை. சொந்தமோ நட்போ இல்லாத மூன்று பேராவது பணம் கொடுத்திருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது இரண்டாம் முறை வந்திருக்க வேண்டும். தொடர்ந்து சில மாதங்கள் பக்க வருமானம் வீட்டுச் செலவில் பாதியைத் தொட்டிருக்க வேண்டும். தொழில் முதலீடு தனியாக இருக்க, வீட்டுச் செலவுக்கு மட்டும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதப் பணம் கையில் இருக்க வேண்டும். வேலை முடித்துக் கொடுத்தாலும் பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகக்கூடும் என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாழ்க்கைத் துணையோ பெற்றோரோ உங்கள் வருமானத்தை நம்பி இருந்தால், இந்தத் தாளை அவர்களோடு உட்கார்ந்து எழுதுங்கள். அவர்களுடைய பயத்தில் நீங்கள் யோசிக்காத ஒரு செலவு ஒளிந்திருக்கும்.

நீங்கள் வைத்த கெடு வந்தும் இவை நடக்கவில்லை என்றால் வேலையில் தொடருங்கள், நோட்டில் அடுத்த குறிப்பை எடுங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. ஒரு யோசனை சரிவராது என்று சம்பளத்தை இழக்காமலே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

எல்லாம் நடந்துவிட்டால், பேப்பர் போடுவதற்கு முன் சில வேலைகளை முடித்துவிடுங்கள். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது என்று பார்த்து, சொந்தக் காப்பீடு எடுங்கள். வீட்டுக் கடனோ வேறு கடனோ வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளச் சான்று இருக்கும்போதே முடிவெடுங்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவருக்கு வங்கிகள் எளிதில் கொடுப்பதில்லை. வர வேண்டிய போனஸ், விடுப்புப் பணம் எல்லாவற்றையும் கணக்குப் பாருங்கள். நோட்டீஸ் காலம் முழுவதும் ஒழுங்காக வேலை செய்து, உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். உங்கள் வேலையின் அருமை நன்றாகத் தெரிந்தவர் பழைய முதலாளிதான். ஒப்பந்தம் அனுமதித்தால், கடைசி நாளன்று அவரிடமே நேராகக் கேட்டுவிடலாம்: "இந்த வேலையை வெளியிலிருந்து நான் செய்து கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா?"